நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குப் பிறகு

(செங்கல்பட்டில் வாசகர் கூட்டம் ஒன்றில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மேடைக்கு வரும் வழியில் நான்காவது வரிசையைக் கடந்தபோது கோடாலித் தைல வாசம் அடித்தது. தலைவலியைப் பற்றிப் பேசப்போகிறார் என்று அழைப்பிதழில் போட்டிருந்ததால் யாரோ முன்னேற்பாடாகப் பூசிக்கொண்டு வந்திருக்கிறார்கள் போலிருக்கிறது. நல்லதுதான். நான் பேசி முடிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் தேவைப்படலாம்.

நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தை முதலமைச்சர் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கையில் காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தொடங்கியபோது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வரம்பு வைத்தார்கள். இந்தத் திட்டத்தை இங்கே தொடங்கியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு, இன்னொரு பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலை. இரண்டுக்கும் நடுவே வாழ்கிற நமக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கோயில் மணி மாதிரி பழகிவிட்டது.

அந்த 48 மணி நேரத்தைப் பற்றிப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு நாற்பத்தொன்பதாவது மணி நேரத்திலிருந்துதான் பேச்சு. தையல் போட்டாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, 'நார்மல்' என்று சொல்லியாயிற்று, ஆட்டோ பிடித்து வீட்டுக்கும் போயாயிற்று. அதற்கு நாலைந்து நாள் கழித்து ஒரு தலைவலி வருகிறதே, அதைப் பற்றி.

அதற்குப் போகும் முன் ஒரு பையனை நினைக்காமல் இந்த ஊரில் தலைக்காயத்தைப் பற்றிப் பேசக் கூடாது. திருக்கழுக்குன்றத்து மருத்துவத் தம்பதியின் மகன் ஹிதேந்திரன், பதினைந்து வயது. 2008 செப்டம்பரில் இருசக்கர வண்டி விபத்தில் தலையில் அடிபட்டு மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். சென்னையில் போலீஸார் வழி ஒதுக்கிக்கொடுக்க, அவன் இதயம் ஊரைக் குறுக்கே கடந்து முகப்பேரில் ஒரு சிறுமியின் நெஞ்சுக்குள் போனது. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் மாநிலத் திட்டம் அடுத்த மாதமே உருவெடுத்தது. 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கியதும் அவன் அடிபட்ட அதே செப்டம்பரில், 15ஆம் தேதிதான். அந்த ஒரு மாதத்தை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன். இறந்தவன் பலரை வாழவைத்தான். அடிபட்டவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்க்க வண்டி வந்தது. அதற்கு முன்னால் சாலையோரத்திலேயே போயிருக்க வேண்டியவர்கள் பிழைத்து வீடு திரும்ப ஆரம்பித்தார்கள். திரும்பியவர்களில் ஒரு பகுதியினர் தலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி எங்கள் ஓ.பி.க்கு வந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் தயாராக இல்லை.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், சிற்பி என்றே வைத்துக்கொள்வோம். மகாபலிபுரத்தில் ஐந்து ரதத்துக்குப் போகிற சாலையில் பட்டறை. ஒரு நாள் ராத்திரி திருக்கழுக்குன்றத்திலிருந்து வரும்போது பூஞ்சேரி கூட்ரோடு தாண்டி மாடு குறுக்கே வந்தது. ஹெல்மெட் இருந்தது, வண்டியின் கைப்பிடியில் மாட்டியிருந்தது. விழுந்தவருக்கு ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ நினைவில்லை. பின்மண்டையில் ஐந்து தையல். ஸ்கேனில் எலும்பு முறிவும் இல்லை, ரத்தக் கசிவும் இல்லை. ஒரு நாள் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள். அனுப்பியதில் தவறேதும் இல்லை.

நாலாம் நாள் பட்டறைக்குப் போனார். மகாபலிபுரம் பட்டறைக்குள் போனவர்களுக்குத் தெரியும், அங்கே மூன்று விதச் சத்தம் உண்டு. கையால் உளி அடிக்கிற 'டக் டக்', அது ஒரு தாளத்தோடு இருக்கும். கட்டிங் மிஷின் கருங்கல்லில் படும்போது வருகிற கீச்சு. ரோட்டில் சுற்றுலா பஸ் அடிக்கிற ஹாரன். மேலே கீற்றுப் பந்தல், அதன் ஓட்டைகள் வழியாகக் கல்மேல் விழும் வெயில். புதிதாகக் கொத்திய கருங்கல் வெள்ளையாகக் கண்ணைக் கூசும். இருபது வருடமாக அவர் மூச்சு விட்ட இடம் அது. அன்றைக்கு அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. என்னிடம் வந்து அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்:

"உளி கல்லுல விழுது சார், எனக்கு மண்டைல விழுது."

இடது நெற்றிப்பொட்டில் 'விண்விண்'ணென்று தெறிப்பு. வெளிச்சம் ஆகவில்லை, சத்தம் ஆகவில்லை, வயிறு குமட்டுகிறது. படுத்தால் கொஞ்சம் தேவலை, எழுந்து குனிந்தால் அதிகம். இதோடு இன்னொன்றையும் தயங்கித் தயங்கிச் சொன்னார். தாலக் கணக்கு தப்புகிறது. ஒரு திருமேனிக்கு முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று அளந்துகொண்டே வரும் கணக்கு, அப்பாவிடம் கற்றுக் கையோடு ஒட்டிப்போனது. நடுவில் விட்டுவிட்டு எங்கே நிறுத்தினோம் என்று தெரியாமல் நிற்கிறாராம். "பசங்க எதிர்ல கேக்கவும் வெக்கமா இருக்குது."

வீட்டில் அம்மா கண்ணு பட்டுவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டினார். பட்டறை முதலாளி ஒரு வாரம் பொறுத்தார், இரண்டு வாரம் பொறுத்தார். அப்புறம், "ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு எழுதிக் குடுத்திருக்காங்களே, அப்புறம் என்ன?" என்றார். இந்தக் கேள்வியைத்தான் இன்றைக்கு அவிழ்த்துப் பார்க்கப்போகிறேன். முதலாளியைக் குறை சொல்வதற்காக இல்லை. டாக்டர்களான நாங்களே பல காலம் அவரைப் போலத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

ஸ்கேன் என்ன பார்க்கிறது? சி.டி. ஸ்கேன் கருவியைச் செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த பொறியாளர். நாய் படம் போட்ட இசைத்தட்டை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள், அந்தக் குடும்பத்து நிறுவனம்தான். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் விம்பிள்டன் பகுதி மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலையைப் படம் எடுத்தார்கள். 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. அதற்கு முன் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா என்பதைக் கண்பாப்பாவைப் பார்த்தும் கை கால் அசைவைப் பார்த்தும் சுற்றி வளைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வேலூரில் ஜேக்கப் சாண்டி 1949இலும், சென்னை பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி 1950இலும் மூளை அறுவைத் துறையைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இந்தப் படம் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்னும் மலைப்பாகத்தான் இருக்கிறது.

ஆக ஸ்கேனிடம் நாம் கேட்பது ஒரே கேள்வி: இந்த மண்டையை இப்போது திறக்க வேண்டுமா? ரத்தம் கட்டியிருக்கிறதா, எலும்பு உள்ளே அமுங்கியிருக்கிறதா, மூளை வீங்கியிருக்கிறதா? 'நார்மல்' என்பது அந்தக் கேள்விக்கு வந்த பதில். வலிக்கிறதா என்று அதனிடம் யாரும் கேட்கவே இல்லை.

இதோடு இன்னொரு மதிப்பெண்ணும் உண்டு. 1974இல் கிளாஸ்கோ நகரத்து மருத்துவர்கள் டீஸ்டேலும் ஜென்னட்டும் ஓர் அளவுகோல் கொண்டுவந்தார்கள். கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று பார்த்து மார்க் போடுவது. குறைந்தது 3, முழு மார்க் 15. 13 அல்லது அதற்கு மேல் இருந்தால் லேசான தலைக்காயம். நம் சிற்பிக்கு 15க்கு 15. நம் ஊரில் முழு மார்க் வாங்கியவனைப் பார்த்து உனக்கு என்ன குறை என்று யாராவது கேட்போமா?

இங்கேதான் ஒரு விசித்திரம். தலைக்காயத்துக்குப் பின் வருகிற தலைவலி, பெரிய காயம் பட்டவர்களைவிட லேசான காயம் பட்டவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது என்று பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஏன் என்பதில் இன்னும் வாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 'லேசு' என்ற சொல்லை நாங்கள் உயிருக்கு ஆபத்து குறைவு என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். கேட்பவர்கள் துன்பம் குறைவு என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

அப்படியானால் உள்ளே நடப்பது என்ன? மூளைக்கு வலி தெரியாது. விழித்திருக்கும் ஆளின் மூளையைத் தொட்டு அறுவை செய்யலாம், அவர் பேசிக்கொண்டே இருப்பார். வலி தெரிவது மூளையைப் போர்த்தியிருக்கும் சவ்வுக்கு, அதில் ஓடும் ரத்தக் குழாய்களுக்கு, மண்டைத் தோலுக்கு, கழுத்துத் தசைக்கு. இளநீரை வெட்டினால் வழுக்கை எப்படி இருக்கும்? மூளை ஏறக்குறைய அந்த மென்மை. சுற்றிலும் கொஞ்சம் நீர், அதற்கு வெளியே கொட்டாங்குச்சி. வண்டி ஓடும் வேகத்தில் தலை தரையில் மோதி சட்டென்று நின்றாலும், உள்ளே இருக்கும் மூளை நிற்பதில்லை. ஒரு கணம் முன்னே போய், திரும்பி, கொஞ்சம் சுழன்றும் விடுகிறது. மயிரிழையைவிட மெல்லிய நரம்பு இழைகள் இழுபடுகின்றன. அறுந்துபோகாமல் இழுபட்டால் போதும், அவற்றின் சுவர் வழியாகப் பொட்டாசியம் வெளியே கசிகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. அதைச் சரிசெய்யச் செல்லுக்குச் சக்தி வேண்டும், அந்த நேரம் பார்த்துச் சக்திக்குப் பஞ்சம். இந்தக் கலவரத்தில் எதுவும் சி.டி. படத்தில் விழாது. கலவரம் நடந்த தெருவை வானத்திலிருந்து படம் எடுத்தால் வீடுகள் எல்லாம் அதனதன் இடத்தில்தானே இருக்கும்.

இழுபட்ட நரம்புகளில் முகத்துக்கும் மூளைச் சவ்வுக்கும் போகிற பெரிய நரம்பு ஒன்று உண்டு, முப்பெரு நரம்பு என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது தூண்டப்பட்டால் அதன் நுனிகள் சி.ஜி.ஆர்.பி. என்ற புரதத்தை விடுகின்றன. ஒற்றைத் தலைவலியில் வேலை செய்வதும் அதேதான். அதனால்தான் காயத்துக்குப் பின் வருகிற வலி பெரும்பாலும் மைக்ரேன் வேஷம் கட்டிக்கொண்டு வருகிறது. சிற்பிக்கு வந்ததும் அந்த வகை. வேறு சிலருக்குத் தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிற மாதிரி ஒரே பாரம். இன்னும் சிலருக்குக் குற்றவாளி கழுத்து. கழுத்தின் மேல்பகுதி நரம்புகளும் முகத்து நரம்பும் மூளைத்தண்டில் ஒரே நிலையத்தில் வந்து சேர்கின்றன. நம் செங்கல்பட்டு ஜங்ஷன் மாதிரி. எந்த லைன் வண்டியானாலும் இங்கே வந்து நிற்கிறது, இறங்கியவர் எங்கிருந்து வந்தார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. கழுத்தில் கிளம்பிய வலி கண்ணுக்குப் பின்னால் இறங்கும். கண்ணாடிக் கடைக்குப் போய்ப் பவர் மாற்றிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர்!

உலகத் தலைவலிச் சங்கத்தின் வகைப்பாட்டில் இதற்குத் தனி இடம் உண்டு. அடிபட்ட, அல்லது நினைவு திரும்பிய, ஏழு நாளுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்குமேல் நீடித்தால் 'நீடித்த' வகை. பலருக்கு மூன்று மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அடங்காதவர்களும் கணிசமாக இருக்கிறார்கள், ஒரு வருடம் தாண்டியும் வருகிறார்கள். பெண்களுக்கும், முன்பே ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் வாய்ப்பு அதிகம்.

இப்போது பட்டறை முதலாளியின் சந்தேகத்துக்கு வருவோம். இது பழைய சந்தேகம். ரயில் வந்த காலத்தில், 1866இல், எரிக்சன் என்ற லண்டன் அறுவை மருத்துவர் ரயில் விபத்துக்குப் பின் வெளிக்காயம் இல்லாமலே தலைவலி, மறதி, தூக்கமின்மை என்று அவதிப்படுகிறவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உடனே ரயில் கம்பெனிகளின் மருத்துவர்கள் எதிர்ப்பாட்டுப் பாடினார்கள்: எல்லாம் நஷ்ட ஈட்டுக்காக. 1961இல் ஹென்றி மில்லர் என்ற நரம்பியலாளர் இதையே இன்னும் நாகரிகமாகச் சொன்னார், வழக்கு முடிந்து பணம் கைக்கு வந்தால் நோயும் போய்விடும் என்று. பிறகு வந்தவர்கள் வழக்கு முடிந்தவர்களைத் தேடிப்போய்ப் பார்த்தார்கள். பணம் வந்த பிறகும் பலருக்கு வலி போகவில்லை. ஆனால் மில்லரின் வாக்கியம் மட்டும் மருத்துவக் கல்லூரி வராந்தாக்களில் ரொம்ப நாள் உலவியது.

நானும் அதைச் சொன்னவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், கம்பெனி பஸ் விபத்தில் அடிபட்ட ஒரு பெண் மூன்றாவது முறையாக வந்து நின்றபோது, பக்கத்திலிருந்த பயிற்சி டாக்டரிடம் ஆங்கிலத்தில், 'கேஸ் முடிஞ்சா சரியாயிடும்' என்ற அர்த்தத்தில் ஒரு வாக்கியம் சொன்னேன். அந்தப் பெண் ஆங்கிலம் படித்தவள். சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, "கேஸே போடல சார்" என்று தமிழில் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு வரவில்லை.

சட்டத்துக்கு இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவு அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. வக்கீல்கள் இருந்தால் திருத்தலாம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 320ஆம் பிரிவில் கொடுங்காயம் எது என்று ஒரு பட்டியல் இருந்தது. கை கால் போவது, கண் போவது எல்லாம் சொல்லிவிட்டு, கடைசியில், இருபது நாள் கடும் வலியில் கிடந்தாலோ வழக்கமான வேலையைப் பார்க்க முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயம் என்றது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது பதினைந்து நாளாகக் குறைந்திருக்கிறது. ஆனால் விபத்துப் பதிவேட்டில் டூட்டி டாக்டர் 'சிம்பிள் இன்ஜுரி' என்று எழுதுவது முதல் நாள் ராத்திரி. பதினைந்தாம் நாள் அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்த்து யார் திருத்துகிறார்கள்? அதனால் உங்களுக்கு ஒரு யோசனை. வலி தொடர்ந்தால் அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போய், இன்ன தேதியில் விபத்து, இன்ன தேதியிலிருந்து தலைவலி என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கேஸ் போடுகிறீர்களோ இல்லையோ, அடுத்த டாக்டருக்கு அது வேண்டும். 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதோடு சேர்ந்ததுதான்: ஊனம் எத்தனை சதவீதம் என்று மட்டும் பார்க்காதே, அந்த ஆளின் பிழைப்பை அது எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று பார். கணக்கு எழுதுகிறவருக்கு உளிச் சத்தம் ஆகாவிட்டால் ஒன்றும் குடிமுழுகாது. சிற்பிக்கு அதுதான் சோறு.

சாலையை விட்டுக் கொஞ்சம் வீட்டுக்குள் வருவோம். இதைப் பேசத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்தார். இரண்டு வருடத் தலைவலி. தலையில் அன்னக்கூடை சுமப்பவர், அதனால் கழுத்தாக இருக்கும் என்று நினைத்தேன். அடி ஏதும் பட்டதா என்றேன். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன்." பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். ஊசி மருந்துச் சீட்டைக் கொடுத்து மாமியாரை மருந்துக்கடைப் பக்கம் அனுப்பச் சொல்லி நர்ஸுக்கு ஜாடை காட்டினேன். திரும்பக் கேட்டேன், எத்தனை தடவை விழுந்தீங்கம்மா? கொஞ்ச நேரம் கூடையின் சும்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு குடிச்சிட்டு வர்ற நாளெல்லாம் வழுக்குது சார்."

சாலை விபத்தில் அடிபட்டால் ஒரு எஃப்.ஐ.ஆராவது இருக்கும். இந்தக் காயங்களுக்கு எந்தப் பதிவேடும் கிடையாது. ஒரு காயம் ஆறுவதற்குள் மேலே இன்னொன்று விழுவதுதான் மூளைக்கு ஆகவே ஆகாத விஷயம். பெண்களின் நாள்பட்ட தலைவலியில், 'எதாவது டென்ஷனா?' என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிற என் சக மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கூட வந்தவரை ஐந்து நிமிடம் வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பெண்களுக்கான உதவி எண் 181 என்பதை எழுதிக் கொடுக்க வேண்டாம், தாள் வீட்டில் மாட்டும். சொல்லி மனப்பாடம் செய்ய வையுங்கள்.

சரி, வைத்தியம். முதல் ஓரிரு நாள் ஓய்வு, அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக நடமாட்டம். இருட்டறையில் மாதக்கணக்கில் படுக்க வைத்தால் குணமாகும் என்ற பழைய எண்ணம் போய்விட்டது. வலி கூடினால் ஒரு படி இறங்கு, குறைந்தால் ஒரு படி ஏறு, அவ்வளவுதான் சூத்திரம். கழுத்து பிடித்திருந்தால் பிசியோதெரபி. இந்தத் தலைவலிக்கென்றே வந்த மாத்திரை எதுவும் இல்லை. அது எந்த வேஷத்தில் வருகிறதோ அந்த வேஷத்துக்கான மருந்தைக் கொடுக்கிறோம். மைக்ரேன் மாதிரி அடிக்கடி வந்தால் அமிட்ரிப்டிலின், புரோப்ரனலால் மாதிரி தினசரித் தடுப்பு மருந்துகள். இவற்றை மருத்துவர் பார்த்துத்தான் தர வேண்டும். ஆஸ்துமாக்காரருக்குப் புரோப்ரனலால் ஆகாது என்பது ஓர் உதாரணம்.

நான் ரொம்பப் பயப்படுவது பெட்டிக்கடை மாத்திரைக்குத்தான். வலிக்கிறது, ஒன்று போடுகிறோம், நிற்கிறது. மறுநாளும் போடுகிறோம். மாதத்தில் பதினைந்து நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால் மாதிரி சாதா வலி மாத்திரை, அல்லது பத்து நாளோ அதற்கு மேலோ இரண்டு மூன்று மருந்து கலந்த மாத்திரை, இப்படி மூன்று மாதம் ஓடினால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வலிக்காக மாத்திரை போய், மாத்திரைக்காக வலி என்று ஆகிவிடும். நம் சிற்பி என்னிடம் வரும்போது தினம் இரண்டு போட்டுக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்ன முதல் பத்து நாள் என்னைத் திட்டாத திட்டில்லை. தைலத்தால் கெடுதல் ஒன்றும் இல்லை, கண்ணில் படாமல் இருந்தால் சரி. நான்காவது வரிசை பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியவை வேறு. அடிபட்டபின் தலைவலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், ஆள் தூங்கித் தூங்கி விழுந்தால், ஒரு பக்கக் கை கால் இழுத்தால், வலிப்பு வந்தால், மூக்கிலிருந்தோ காதிலிருந்தோ தண்ணீர் மாதிரி வடிந்தால், நேரே பெரிய ஆஸ்பத்திரி. அமாவாசை கழியட்டும் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இன்னும் கவனம். பாட்டி வாசற்படியில் தடுக்கி லேசாக இடித்துக்கொண்டிருப்பார், எல்லோரும் மறந்துபோயிருப்போம். மூன்று நான்கு வாரம் கழித்துத் தலைவலி என்பார், பேச்சு குழறும், நடை தள்ளாடும், வயசாச்சு என்று விட்டுவிடுவோம். மூளைச் சவ்வுக்கு அடியில் ரத்தம் சொட்டுச் சொட்டாகச் சேர்ந்திருக்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் நாள்பட்டுக் குடிப்பவர்களுக்கும் இது எளிதில் வரும். இந்த இடத்தில் ஸ்கேன்தான் தெய்வம். மண்டையில் சிறு துளை போட்டு அதை வடித்துவிட்டால், நேற்று யாரையும் அடையாளம் தெரியாமல் கிடந்த பாட்டி இன்று காபியில் சர்க்கரை போதவில்லை என்பார். என் தொழிலில் இதைவிட மகிழ்ச்சியான காட்சி எனக்குத் தெரியாது.

ஹெல்மெட்டைப் பற்றிச் சொல்லாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் தமிழ்நாட்டில் கட்டாயம் என்றானது. 2022ஆம் ஆண்டுக்கான மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கையின்படி, நாட்டில் ஹெல்மெட் போடாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அவர்களில் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து வந்தவர்கள். அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105 விபத்துகள். இறந்தவர்கள் 17,884. ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும், உயிரைக் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை அந்த அளவுக்குத் தடுக்காது. ஹெல்மெட் போட்டிருந்தாரே, பிறகேன் தலைவலி என்று கேட்கிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். நாடாவைப் பூட்டாமல் போடுவது கைப்பிடியில் மாட்டி வைப்பதற்குச் சமம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிற்பியிடம் திரும்புவோம். மாத்திரையை நிறுத்தியபோது ஒரு கணக்கு வைக்கச் சொன்னேன். நோட்டு வாங்கச் சொன்னால் எழுத மாட்டார் என்று தெரியும். வீட்டில் தினசரிக் காலண்டர் இருந்தது, ராகுகாலம் போட்டது. கிழிக்கிற தாளை எறிய வேண்டாம், வலி வந்த நாளானால் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டு வையுங்கள் என்றேன். முதல் மாதம் ஒரு கட்டுத் தாளை ரப்பர் பேண்டு போட்டுக் கொண்டுவந்தார். இருபத்திரண்டு வட்டங்கள். அவர் போட்ட வட்டங்களைப் பார்க்க வேண்டும், காம்பஸ் வைத்தால்கூட அப்படி வராது. அந்தக் கை எங்கும் போய்விடவில்லை என்று அப்போது எனக்கு நம்பிக்கை வந்தது. பட்டறையில் ஏற்பாட்டை மாற்றிக்கொண்டார். விடியற்காலை ஐந்தரைக்கு, மிஷின் ஓடத் தொடங்குமுன், தனியாக உட்கார்ந்து முகம், விரல் மாதிரி நுண்வேலை. வெயில் ஏறியதும் பசங்களிடம் விட்டுவிட்டு வீடு. காதில் பஞ்சு. தாலக் கணக்கை நூலில் முடிச்சுப் போட்டு அளந்தார், மனசில் வைத்துக்கொள்ளவில்லை.

ஒரு நாள் என்னிடம் கல் பார்ப்பதைப் பற்றிச் சொன்னார். மலையிலிருந்து வந்த கல்லைச் சுத்தியால் தட்டி ஓசையைக் கேட்பார்களாம். மணி மாதிரி கணீரென்றால் ஒரு வேலைக்கு, வேறு மாதிரி கேட்டால் வேறு வேலைக்கு. உள்ளே விரிசல் ஓடிய கல் 'பொத்'தென்று கேட்கும். "மேல பாத்தா நல்ல கல்லு மாதிரிதான் சார் இருக்கும். கண்ணால பாத்துக் கல்லு வாங்கினவன் மூக்கு வெக்கும்போது அழுவான்." நான் முப்பது வருடமாக மாணவர்களுக்கு ஸ்லைடு போட்டுச் சொல்லிக்கொண்டிருந்ததை அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டார்.

பதினோராம் மாதம் வந்த கட்டில் ஆறு வட்டம்தான் இருந்தது. இந்த ஆறும் போயிடுமா சார் என்றார். சிலருக்குப் போய்விடும், சிலருக்கு நின்றுவிடும், உங்களுக்கு எதுவென்று இப்போது சொல்ல முடியாது என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தாள்களை வாங்கி மறுபடி ரப்பர் பேண்டு போட்டார். "ஆறுதானே, ஆறட்டும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார். கதவருகே நின்று, வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் ஹெல்மெட்டைப் போட்டு நாடாவை 'டக்'கென்று பூட்டினார்.

நேரமாகிவிட்டது. நான்காவது வரிசையில் அந்தத் தைலத்துக்குச் சொந்தக்கார அம்மா கொஞ்ச நேரமாகக் கையைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருக்கிறார். தம்பி, அந்த மைக்கை அவரிடம் கொடுங்கள். உட்கார்ந்தே கேளுங்கம்மா.